சாஆவில் பாதியில் நின்ற பாட்டு

ஊசியைப் பிடித்தால் லோஷினிக்குக் கை நடுங்காது. ஜொகூர் பாருவில் ஒரு தனியார் மருத்துவமனையில் ரத்தம் எடுப்பது அவள் வேலை. கைக்குழந்தைகள், நரம்பு சுருங்கிப்போன வயதானவர்கள், ஊசியைக் கண்டதுமே சாய்ந்துவிடும் ஆறடி ஆட்கள் என்று தினமும் பல பேர் அவள் முன்னால் கையை நீட்டுவார்கள். "அந்தப் பக்கம் பாருங்க. காலையில என்ன சாப்ட்டீங்க?" என்று கேட்பாள். அவர்கள் நாசி லெமாக், அதோடு ஒரு முட்டை என்று சொல்லி முடிப்பதற்குள் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருப்பாள்.

டிரம் குச்சியைப் பிடித்தால் நடுங்கும். அதுவும் பயிற்சியின்போது இல்லை, மேடை ஏறும்போது மட்டும்தான். பத்து விரலும் ஐஸ் பெட்டிக்குள்ளிருந்து எடுத்ததுபோல் ஆகிவிடும். வாய் காயும். மூன்று தடவையாவது கழிவறைக்குப் போய் வருவாள். பெயரைக் கூப்பிடும்போது பல் கிட்டிக்கொள்ளும். ஏறி உட்கார்ந்து முதல் பாட்டு பாதி போன பிறகுதான் கையில் சூடு வரும். மூன்று வருடமாக இப்படித்தான்.

அவள் வாசிக்கும் குழுவின் பெயர் ஏழாங்கட்டை. பெர்மாஸ் ஜெயாவில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் பயிற்சி செய்யும் தமிழ் ராக் குழு. மொத்தம் நாலு பேர். பாடுகிறவர் சுகுமாறன். மாசாய்ப் பக்கம் ஓர் இடைநிலைப் பள்ளியில் ஆசிரியர், முப்பத்தெட்டு வயது, குழுவின் பாட்டெல்லாம் அவர் எழுதியது. கிட்டார் மோகனதாஸ், மருந்துக் கடை வைத்திருக்கிறார், யாழ்ப்பாணத்து வம்சம். பேஸ் கிட்டார் லோகேஸ்வரன். உறையவைத்த மீனும் இறாலும் உணவுக் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுகிறவன். அவன் வேன்தான் குழுவின் வண்டி. எத்தனை தடவை கழுவினாலும் அதில் இறால் வாடை போகாது. முன்னால் டிரம்ஸ் வாசித்தவர் ஆஸ்திரேலியாவுக்கு வேலைக்குப் போய்விட்டதால் லோஷினி வந்து சேர்ந்தாள். பள்ளி பேண்டு வாத்தியக் குழுவில் பழகியதோடு சரி, மற்றதெல்லாம் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டது.

போன வருடம் தீபாவளிக்கு முன்னால் ஐந்து சனிக்கிழமை, ஐந்து ஊர் என்று ஏற்பாடானது. பத்து பாகாட், சாஆ, குளுவாங், மூவார், கடைசியில் ஜொகூர் பாரு. சுவரொட்டியில் 'இசைச் சுற்றுப்பயணம்' என்று போட்டிருந்தது. சுற்றுப்பயணம் என்றால் என்னவென்று லோஷினிக்கு முதல் சனிக்கிழமையே தெரிந்துவிட்டது. முக்கால் மணி நேரம் வாசிப்பதற்காக நாலு மணி நேரம் எங்காவது காத்திருப்பது. டிரம்ஸ் வாசிக்கிறவர்களுக்கு இன்னும் மோசம். பாடுகிறவர் கையை வீசிக்கொண்டு இறங்குவார். இவள் எல்லோருக்கும் முன்னால் போய் டிரம்ஸைப் பூட்ட வேண்டும், எல்லோருக்கும் பின்னால் கழற்ற வேண்டும்.

பத்து பாகாட்டில் ஒரு இளைஞர் மன்றத்தின் ஆண்டு விழா. மண்டபம் நிறைய சனம். பேச்சாளர்கள் ஒவ்வொருவராகப் பேசிக்கொண்டே இருந்தார்கள். இதோ கூப்பிடுகிறோம், இதோ கூப்பிடுகிறோம் என்று சொல்லிச் சொல்லி லோஷினியின் பயத்தை வளர்த்துவிட்டார்கள். ஒரு வழியாக ஏறினார்கள். முதல் நாலு பாட்டும் பழுதில்லாமல் போயின. கடைசிப் பாட்டு, 'பாலத்து மேலே'. விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூர் வேலைக்குப் போகிறவர்கள் பாலத்தில் வரிசை கட்டி நிற்பதைப் பற்றிய பாட்டு. 'பாலத்து மேலே விடியுது பார், ஹெல்மெட்டுக்குள்ளே தூங்குது ஊர்' என்று தொடங்கும். வரிகள் நீளம் நீளமாக ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு போகும். சுகுமாறன் தன் மூச்சை அளந்து எழுதியது.

அதற்குச் சற்று முன்னால் மன்றத்துத் தலைவர் மேடையேறி, "கடைசிப் பாட்டு, எல்லாரும் எழுந்து ஆடணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். சனம் எழுந்து நின்றது. அதைப் பார்த்ததும் லோஷினியின் இதயம் ஓட ஆரம்பித்தது. இதயம் ஓடும்போது சரியான வேகம்கூட மெதுவாகத்தான் தெரியும். அவள் குச்சிகளைத் தட்டி நாலு எண்ணினாள். மூன்றாவது தட்டிலேயே வேகம் அதிகம் என்று புரிந்துவிட்டது. ஆனால் நாலு எண்ணிவிட்டால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது. கிட்டார் தப்பினால் மற்றவர்கள் மூடி மறைத்துவிடலாம். டிரம்ஸ் தப்பினால் மூன்று பேரும் அந்தத் தப்போடு சேர்ந்து ஓட வேண்டியதுதான்.

ஓடினார்கள். சனத்துக்குப் பிடித்திருந்தது, துள்ளினார்கள். இரண்டாவது சரணத்தில் சுகுமாறனுக்கு மூச்சு போதவில்லை. ஒரு வரியின் நடுவில் குரல் அறுந்து, 'ஹீக்' என்று காற்றை இழுத்தார். மைக் அதைப் பெரிதாக்கி மண்டபம் முழுக்கக் கொண்டுபோனது. அடுத்த வரியிலும் அதே சத்தம். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, எப்படியோ பாடி முடித்தார்.

இறங்கியதும் மோகனதாஸ்தான் வாயைத் திறந்தார். "என்ன பிள்ளை, இது ஓட்டப் பந்தயமா? எனக்கே விரல் கட்டிப்போச்சு."

"சாரிண்ணே. எண்ணும்போதே தெரிஞ்சிச்சு."

சுகுமாறன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "விடுங்க லா. சனங்க கை தட்டினாங்கல்ல" என்றார். நேரே போய் வேனின் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

திங்கட்கிழமை மருத்துவமனை கேண்டீனில் லோஷினியோடு வேலை செய்யும் மலர் கைப்பேசியை நீட்டினாள். "இத பாரேன், சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்குது." சுகுமாறன் 'ஹீக்' என்று மூச்சிழுக்கும் இடத்தை மட்டும் வெட்டி, திரும்பத் திரும்ப ஓடும்படி யாரோ ஒட்டிப் போட்டிருந்தார்கள். மேலே, 'அண்ணனுக்கு ஆக்சிஜன் குடுங்க லா' என்று எழுதியிருந்தது. அவருக்குப் பின்னால் ஒரு சிம்பலும் ஒரு கையும் தெரிந்தன. அது லோஷினியின் கை. மலருக்கு அது தெரியவில்லை.

லோஷினி கீழே இருந்த கருத்துகளைப் படித்தாள். சிகரெட்டை நிறுத்துங்க என்று ஒருவர். வயசாச்சு, வீட்ல இருங்க என்று ஒருவர். ஆம்புலன்ஸ் நம்பர் போட்டிருந்தார் இன்னொருவர். சுகுமாறன் வாழ்க்கையில் சிகரெட் தொட்டதில்லை. கீழே போகப் போக ஒன்று இருந்தது. 'பாட்டு சரியில்ல, ஆனா டிரம்ஸ் செம.' அதற்கு நிறைய பேர் விருப்பம் தெரிவித்திருந்தார்கள். தப்பு லோஷினியுடையது, பாராட்டும் அவளுக்கே. மீதிச் சோற்றை மூடி வைத்துவிட்டாள்.

வேலை முடிந்ததும் சுகுமாறனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, வீடியோ பாத்தீங்களா?"

"பாக்காம இருக்க முடியுமா? வகுப்புக்குள்ள போறேன், பின் வரிசையில ஒருத்தன் 'ஹீக்'ங்கிறான். மலாய்ப் பசங்க வேற, 'சிகு, ஓகே கா?', சார் நல்லா இருக்கீங்களான்னு கேக்குதுங்க."

"நான் அதுக்குக் கீழ எழுதிடறேன். நான்தான் வேகமா எடுத்தேன், அவர் மேல தப்பில்லன்னு."

"வேணாம்."

"ஏண்ணே?"

"நீ எழுதினா நான் சொல்லிக் குடுத்து எழுதினதும்பாங்க. பொண்ணு மேல பழியப் போட்டுட்டான்னு அடுத்த வீடியோ வரும். பாடுறவன் மூச்சு வாங்கினா அது பாடுறவன் தப்புதான். விடு."

குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று லோஷினி நினைத்தாள்.

அந்த வாரம் புதன்கிழமையே பயிற்சிக்குக் கூடினார்கள். மோகனதாஸ் ஒரு சின்னக் கருவி கொண்டுவந்திருந்தார். காதில் மாட்டிக்கொண்டால் டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருக்கும். வேகத்தை முன்கூட்டியே வைத்துவிட்டால் அதோடு சேர்ந்து வாசிக்க வேண்டியதுதான். லோஷினி மாட்டிக்கொண்டாள். டயர் கடை மாடியில் எல்லாம் ஒழுங்காக வந்தது. சுகுமாறன் மட்டும் வாய்க்குள்ளேயே பாடினார். பாதியில் தொண்டை சரியில்லை என்று நிறுத்திக்கொண்டார்.

"பேசாம அந்தப் பாட்டத் தூக்கிடுவோம்ணே" என்றான் லோகேஸ்வரன். "சாஆவுல யாருக்குத் தெரியப் போவுது?"

"தூக்கினா பயந்துட்டேன்னு அர்த்தம்" என்றார் சுகுமாறன். "தூக்க வேணாம். முன்னால போடுங்க. ரெண்டாவதா பாடி முடிச்சிடறேன்."

சனிக்கிழமை காலை கிளம்பினார்கள். யோங் பெங்கில் இறங்கி இந்திய முஸ்லிம்கள் நடத்தும் ஒரு மாமாக் கடையில் சாப்பிட உட்கார்ந்தார்கள். மூன்று பேருக்கும் ரொட்டி சானாய் வந்தது. சுகுமாறன் சீனி போடாத தே ஓ என்ற பால் இல்லாத தேநீர் மட்டும் வாங்கிக்கொண்டு, வேறு மேசையில் போய் சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டார். என் மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்காமல்தான் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறார் என்று லோஷினி நினைத்தாள். எழுந்துபோய்ப் பேசலாமா என்று யோசித்தாள். என்ன பேசுவது என்று தெரியாமல் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துக் குழம்பில் போட்டுக்கொண்டிருந்தாள்.

சாஆவில் ஒரு திடலில் தீபாவளிச் சந்தை போட்டிருந்தார்கள். சுற்றிலும் செம்பனை. தோட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். முறுக்கு, நெய் உருண்டை, சேலை, பிள்ளைகளின் சட்டை என்று கூடாரம் கூடாரமாக வியாபாரம் நடந்தது. ஒரு லோரியின் பக்கவாட்டுப் பலகையை இறக்கிவிட்டு அதையே மேடையாக்கியிருந்தார்கள். வெயில் நேரே முகத்தில் அடித்தது. சந்தையை நடத்துவது அங்கம்மா என்ற ஐம்பது வயது அம்மாள். உள்ளூர் மகளிர் சங்கத் தலைவி. கையில் ஒலிபெருக்கியோடு திடல் முழுக்க அவர்தான் நடந்துகொண்டிருந்தார். "மணி நாலாச்சு, ஏறுங்கம்மா, ஏறுங்க. சனம் வீட்டுக்குப் போயிடும்" என்று இவர்களை விரட்டினார்.

லோஷினி வழக்கம்போல மூன்று தடவை கழிவறைக்குப் போய் வந்தாள். லோரிக்குப் பின்னால் நின்று பல்லைக் கடித்துக்கொண்டாள். சுகுமாறன் கொஞ்சம் தள்ளி நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவள் திரும்பியதும் பார்வையை மாற்றிக்கொண்டார்.

முதல் பாட்டு காதுக்குள் அடித்த டிக் டிக்கோடு போனது. ஒரு தப்பும் இல்லை. உயிரும் இல்லை. சனம் பாட்டுப் பக்கம் ஒரு காது, முறுக்குப் பக்கம் ஒரு காது என்று இருந்தது. மேடைக்கு முன்னால் பத்துப் பதினைந்து வாலிபப் பிள்ளைகள் மட்டும் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் எதற்காக நிற்கிறார்கள் என்று 'பாலத்து மேலே' தொடங்கியதும் தெரிந்தது. முதல் வரியிலேயே ஒருவன் 'ஹீக்' என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள்.

சுகுமாறன் பாடிக்கொண்டுதான் இருந்தார். முதல் சரணம் முடிந்தது. கிட்டார் மட்டும் கொஞ்ச நேரம் தனியாகப் போகும். பிறகு அவர் இரண்டாவது சரணத்தைப் பிடிக்க வேண்டும். பிடிக்கவில்லை. மோகனதாஸ் இன்னொரு சுற்று வாசித்தார். அப்போதும் பிடிக்கவில்லை. சுகுமாறன் மெல்லத் திரும்பி லோஷினியைப் பார்த்தார்.

அந்த முகம் லோஷினிக்குத் தெரிந்த முகம். வாரத்துக்கு ஒன்றாவது அவள் நாற்காலியில் வந்து உட்காரும். உதடு வெளுத்து, மேலுதட்டில் பொடிப் பொடியாக வியர்த்து, கண் இவளைப் பார்க்கும், ஆனால் இவள் மேல் நிற்காது. இன்னும் கொஞ்ச நேரத்தில் ஆள் விழுந்துவிடுவார். அவர் நின்றது லோரியின் விளிம்பில். கீழே தார் போட்ட தரை.

லோஷினி வாசிப்பதை நிறுத்தினாள். முடிக்கிற மாதிரி ஒரு அடிகூட அடிக்கவில்லை, கையை எடுத்துவிட்டாள். பேஸ் கிட்டார் தடுமாறி நின்றது. கிட்டார் தனியாகச் சிறிது தூரம் போய், அதுவும் நின்றது. திடலில் ஒரு 'ஓ' எழுந்தது. அவள் எழுந்த வேகத்தில் சிம்பல் ஸ்டாண்டு சரிந்து பெரிய சத்தத்தோடு விழுந்தது. 'ஓ' இன்னும் பெரிதானது. அவள் சுகுமாறனின் கையைப் பிடித்து இழுத்து வந்து, டிரம்ஸுக்குப் பின்னால் பலகையில் உட்கார வைத்தாள். தலையைப் பிடித்து முழங்காலுக்கு நடுவில் குனிய வைத்தாள்.

"கண்ண மூடாதீங்கண்ணே. பலகையப் பாருங்க. காலையில என்ன சாப்ட்டீங்க?"

"ஒண்ணுமில்ல."

"நேத்து ராத்திரி?"

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"எப்பத்தான் சாப்ட்டீங்க?"

"வியாழக்கெழம... இல்ல, வெள்ளிக்கெழம ஒரு பிஸ்கட். லோஷி, எனக்கு இறங்காது. மேடை இருந்தா மொத நாளே சாப்பாடு இறங்காது. சாப்ட்டா வாந்தி வந்துடும். எப்பவும் இப்படித்தான். இந்த வாரம் கொஞ்சம் அதிகம்."

"எப்பவுமா? ஒரு நாளும் சொன்னதே இல்லையே?"

"பாடுறவன் பயப்படுறேன்னு சொல்லிட்டுத் திரிய முடியுமா?" குனிந்தபடியே பேசினார். "நீ பின்னால நின்னு பல்லு நடுங்க முழிப்பல்ல, அதப் பாப்பேன். நமக்கு ஒரு கூட்டாளி இருக்குன்னு கொஞ்சம் தைரியம் வரும்."

லோஷினிக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் எரிச்சலும் வந்தது. மூன்று வருடமாக வேனின் பின் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, முன் இருக்கையில் இருந்த அந்தத் தலையைப் பார்த்து, இவருக்கு மட்டும் எப்படி இப்படி அலட்டாமல் இருக்க முடிகிறது என்று அவள் பொறாமைப்பட்டதுண்டு.

அதற்குள் அங்கம்மா லோரியில் ஏறிவிட்டார். "என்னம்மா ஆச்சு? ஏன் நிறுத்திட்டீங்க?"

சுகுமாறன் எழ முயன்றார். "எனக்குத்தான்..." என்று ஆரம்பித்தார். கீழே கைப்பேசிகள் எல்லாம் உயர்ந்து நின்றன. லோஷினி அவர் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"என் தப்புக்கா. எனக்கு மறந்துபோச்சு. கொஞ்ச நேரம் குடுங்க, திரும்ப எடுக்கறோம்."

அங்கம்மா அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மைக்கை எடுத்தார். "ஐயா, அம்மா, டிரம்ஸ் தங்கச்சிக்குப் பாட்டு மறந்துபோச்சாம்! பாவம், பயந்திருக்கு. எல்லாரும் கை தட்டித் தைரியம் குடுங்க!"

திடல் சிரித்துக்கொண்டே கை தட்டியது. லோஷினிக்குக் காது மடல் வரை சூடேறியது. தலையைத் தூக்கவே முடியவில்லை. ஆனால் கை, சுகுமாறனின் மணிக்கட்டில் நாடி பார்த்துக்கொண்டிருந்த கை, ஆடாமல் இருந்தது. இவ்வளவு சனத்துக்கு முன்னால் அது இப்படி இருந்ததே இல்லை.

லோகேஸ்வரன் கீழே குதித்து ஓடிப்போய் ஒரு பை நிறைய சிராப் தண்ணீரும் நெய் உருண்டையும் வாங்கி வந்தான். சுகுமாறன் குழந்தைபோல உறிஞ்சிக் குடித்தார். இரண்டு உருண்டையை மென்று விழுங்கினார். உதட்டில் நிறம் திரும்பியது.

"வீட்டுக்குப் போலாமாண்ணே?" என்று கேட்டாள் லோஷினி.

"இல்ல. இப்ப போனா இனிமே ஏறவே மாட்டேன்."

"அப்ப உக்காந்து பாடுங்க. எம் பக்கம் திரும்பி உக்காருங்க. நான் உங்களப் பாத்து அடிக்கறேன்."

"சனத்துக்கு முதுகக் காட்டியா?"

"பக்கவாட்டுல. பாதி சனத்துக்கு, பாதி எனக்கு."

அவள் காதிலிருந்த கருவியைக் கழற்றி மோகனதாஸிடம் கொடுத்தாள். அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பேஸ் கிட்டாரின் ஒலிபெருக்கிப் பெட்டிமேல் சுகுமாறன் உட்கார்ந்தார். லோஷினி அவருடைய தோளையே பார்த்தாள். பாடுவதற்கு முன்னால் அந்தத் தோள் கொஞ்சம் உயரும் என்பதை மூன்று வருடத்தில் அவள் கவனித்ததே இல்லை. பின்னால் உட்கார்ந்து தன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். தோள் உயர்ந்ததும் அடித்தாள். வரி முடிந்து அவர் மூச்செடுக்கும் இடத்தில் கொஞ்சம் காத்திருந்தாள். பாட்டு வழக்கத்தைவிட மெதுவாகத்தான் போனது. மோகனதாஸ் ஓரிடத்தில் தப்பான விரலை வைத்தார். ஆனாலும் சரணம் முழுதும் மூச்சு அறுபடாமல் முடிந்தது. முன்னால் நின்ற பிள்ளைகள் கொஞ்ச நேரம் காத்துப் பார்த்துவிட்டுக் கைப்பேசியை இறக்கினார்கள். இரண்டு மூன்று பேர் சாப்பிடப் போனார்கள்.

மிச்சமிருந்த பாட்டுகளையும் பாடினார்கள். பிரமாதம் என்று யாரும் சொல்லவில்லை. இறங்கும்போது அங்கம்மா ஒரு டப்பா முறுக்கை லோஷினியின் கையில் திணித்து, "அடுத்த தடவ நல்லாப் பாடம் பண்ணிட்டு வாம்மா" என்றார். "சரிக்கா" என்று வாங்கிக்கொண்டாள்.

வேன் செம்பனைத் தோட்டங்களைத் தாண்டி நெடுஞ்சாலை ஏறிய பிறகு மோகனதாஸ் கேட்டார். "பிள்ளை, நீ உண்மையாவே மறந்துட்டியா?"

லோஷினி முன் இருக்கையைப் பார்த்தாள். சுகுமாறன் திரும்பாமலே, "இல்ல தாஸ். நான் விழப் பாத்தேன். லோஷிதான் என்னப் பிடிச்சு நிறுத்திச்சு" என்றார். பிறகு சாப்பாடு இறங்காத கதை முழுவதையும் சொன்னார். லோகேஸ்வரன், "அலமாக், எட்டு வருஷமா வண்டி ஓட்டறேன், நீங்க டயட்ல இருக்கீங்கன்னுல்ல நெனச்சிட்டு இருந்தேன்" என்றான். அவனே முதலில் சிரித்தான்.

சாஆ வீடியோவும் வந்தது. 'பாட்டை மறந்த டிரம்மர்.' சிம்பல் விழுகிற சத்தத்தைத் திரும்பத் திரும்ப ஒட்டியிருந்தார்கள். இந்தத் தடவை மலர் கண்டுபிடித்துவிட்டாள். "ஏய், இது நீதானே! நீ டிரம்ஸ் அடிப்பியா? சொல்லவே இல்ல!" என்று கேண்டீனே கேட்கும்படிக் கத்தினாள். லோஷினிக்கு இரண்டு நாள் வலிக்கத்தான் செய்தது. பொண்ணுங்களுக்கு எதுக்கு இந்த வேலை என்று ஒருவர் எழுதியிருந்ததைப் படித்துவிட்டுக் குளியலறையில் நின்று அழுதாள். பிறகு வேலைக்குப் போனாள். நாலைந்து பேருக்கு ரத்தம் எடுத்ததும் கொஞ்சம் சரியானது.

சுகுமாறன் போன் செய்தார். "நான் உண்மைய எழுதிடறேன் லோஷி."

"வேணாம்ணே. நீங்க எழுதினா நான் சொல்லிக் குடுத்து எழுதினதும்பாங்க."

"சரி" என்றார்.

அவர் எங்கும் எழுதவில்லை. ஆனால் அந்த வாரம் வகுப்பில் ஒரு மாணவி எழுந்து, "சிகு, உங்க டிரம்மருக்குப் பாட்டு மறந்துபோச்சா?" என்று கேட்டிருக்கிறாள். "மறக்கல. நான் மயங்கி விழப் போனேன், அவங்க பாத்து நிறுத்தினாங்க" என்று சொல்லியிருக்கிறார். எதுக்கு மயக்கம் என்று பின் வரிசையிலிருந்து கேள்வி வந்திருக்கிறது. "பயம்" என்றாராம். பிறகு ஒருவன், தனக்கும் வாய்மொழித் தேர்வு என்றால் முதல் நாள் வயிறு கலங்கும் என்றானாம். அதற்குப் பிறகு பாடம் நடக்கவே இல்லை, ஆளாளுக்கு வயிற்றுக் கதையைத்தான் சொன்னார்கள் என்று சுகுமாறன் பயிற்சியில் சொன்னார். 'ஹீக்' அத்தோடு நின்றதா என்று லோகேஸ்வரன் கேட்டான். "எங்க நிக்குது? ஆனா இப்ப சிரிச்சிட்டுப் பண்றானுங்க, நானும் சிரிக்கறேன்" என்றார்.

குளுவாங்குக்குப் போன அன்று லோஷினி ரொட்டியும் அவித்த முட்டையும் கொண்டுபோனாள். மத்தியானம் பன்னிரண்டுக்கே சுகுமாறனை உட்கார வைத்து, துண்டு துண்டாகச் சாப்பிட வைத்தாள். பாதிதான் இறங்கியது. அந்தப் பாதி வெளியே வரவில்லை. அன்றைக்கும் மூன்றாவது பாட்டில் அவள் வேகம் எடுத்துவிட்டாள். சுகுமாறன் திரும்பி, தோளைக் காது வரை தூக்கிக் காட்டினார். அவளுக்குச் சிரிப்பு வந்தது, வேகம் தணிந்தது. மூவாரில் ஒரு பாட்டின் முதல் அடியிலேயே குச்சி கைநழுவிப் பறந்து மோகனதாஸின் முதுகில் விழுந்தது. அவர் திரும்பிப் பார்க்காமல் வாசித்துக்கொண்டிருந்தார். இவள் பக்கத்தில் வைத்திருந்த வேறொரு குச்சியை எடுத்துக்கொண்டாள். மேடை ஏறுவதற்கு முன்னால் விரல் சில்லிடுவதும், மூன்று தடவை போய் வருவதும் இன்னும் அப்படியேதான் இருந்தன. முன்பு மறைப்பாள், இப்போது சுகுமாறனைப் பார்த்துக் கையை நீட்டுவாள். அவர் தொட்டுப் பார்த்து, "இன்னிக்குப் பரவால்ல" என்பார், அல்லது "சரியான ஐஸ்" என்பார். அவ்வளவுதான்.

ஜொகூர் பாருவில் பாடவே முடியவில்லை. மத்தியானம் பிடித்த மழை விடவில்லை. ஏற்பாட்டாளர்கள் கைவிரித்துவிட்டார்கள். பூட்டிய டிரம்ஸை மறுபடி கழற்றி, நனையாமல் மூடி, நாலு பேரும் வேனில் ஏறினார்கள். சாலையில் தண்ணீர் நின்றதால் வண்டி ஊர்ந்துதான் போனது. சுகுமாறன் ஒரு புதுப் பாட்டை முனக ஆரம்பித்தார். லோஷினி பின்னாலிருந்து முட்டியில் தாளம் போட்டாள். நாலாவது வரியில் நிறுத்தினாள்.

"அண்ணே, இந்த வரி நீளம். மூச்சு எங்க எடுப்பீங்க?"

"எடுப்பேன் லா. நீ ஒழுங்கா அடி."

"வெட்டுங்கண்ணே. 'மறுபடியும்' வேணாம், 'திரும்ப'ன்னு போடுங்க."

"'திரும்ப' எனக்குப் பிடிக்கல."

"பிடிக்கலேன்னு விட்டா மூச்சு வராது."

மோகனதாஸ் 'மீண்டும்' என்று போடலாமே என்றார். இரண்டு பேருமே அதை ஒப்புக்கொள்ளவில்லை. பெர்மாஸ் ஜெயா வந்து சேரும்வரை அந்த ஒரு சொல்லுக்காகச் சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள்.